கேதத்துக்கு ஒரு கார்: திருநகர் வீடு ஒன்றின் வண்டிக் கணக்கு

கேள்வி வந்தது 2025 தீபாவளிக்கு முன்னால். செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியிருந்தது. நாலு மீட்டருக்குள் நீளம், 1200 சி.சி.க்குள் பெட்ரோல் இன்ஜின் என்றால் அதுவரை 28 சதவீதம், அதற்கு மேல் செஸ். ஷோரூம்காரர்கள் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். மதுரை திருநகரில் உள்ள இந்த வீட்டு வாசலில் 2018இல் வாங்கிய பெட்ரோல் கார் ஒன்று நின்றது. அதைக் கொடுத்துவிட்டுப் புதுசு எடுக்கலாமா, இருப்பதையே ஓட்டலாமா, இல்லை காரே வேண்டாமா? மூன்றாவது யோசனை வீட்டுக்காரம்மாவுடையது. மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் கணக்கு பார்ப்பது என் தொழில்.

வீட்டில் நான்கு பேர். மாப்பிள்ளை, அதாவது என் சித்தப்பா மகளின் கணவர், திருமங்கலம் பக்கம் ஓர் உதவிபெறும் பள்ளியில் ஆசிரியர். தங்கச்சிக்கு சிம்மக்கல்லில் ஆபீஸ். பையன் பிளஸ் டூ. மாப்பிள்ளையின் அம்மா, பிள்ளைகளுக்கு அப்பத்தா, எழுபத்தாறு வயது, இரண்டு முட்டியும் போய்விட்டது. பெரிய பெண் சென்னையில் வேலை பார்க்கிறாள். அவர்களுக்குச் சொந்த ஊர் உசிலம்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். தங்கச்சிக்குப் பிறந்த வீடு விருதுநகர். "பேரைப் போடாதீங்க மச்சான், மத்ததை எழுதிக்கங்க" என்று மாப்பிள்ளை சொன்னதால் இது எழுதப்படுகிறது.

கணக்கு

கிலோமீட்டருக்கு என்ன ஆகிறது என்று முதலில் கேட்டேன். "பதினஞ்சு குடுக்குது மச்சான். ஆறரை, ஏழு ரூபா" என்றார். கார் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இந்தப் பதில்தான் வரும். பெட்ரோல் பங்கில்தானே பணம் கண்ணுக்குத் தெரிந்து போகிறது.

ரசீதுகளை எடுத்து வைத்து உட்கார்ந்தோம். ஆன்ரோடு விலை ஏழரை லட்சம். இப்போது எக்ஸ்சேஞ்சில் கேட்கிற விலை மூன்று லட்சம். ஆக, தேய்ந்து போனது நாலரை லட்சம். லோன் வட்டி 1.3 லட்சம். ஏழு வருஷ இன்சூரன்ஸ் 85,000. சர்வீஸ், டயர், ஒரு பேட்டரி, ஒரு தடவை கதவில் டிங்கரிங் எல்லாம் சேர்த்து 1.05 லட்சம். பெட்ரோல் 1.8 லட்சம். கூட்டினால் ஒன்பதரை லட்சம். மீட்டரில் ஓடியிருப்பது 28,000 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு 34 ரூபாய்.

மாப்பிள்ளை கால்குலேட்டரை வாங்கி அவரே ஒரு தடவை போட்டுப் பார்த்தார். 34தான் வந்தது.

இந்த 34இல் பெட்ரோல் ஆறரைகூட இல்லை. பாக்கி எல்லாம் கார் நின்றாலும் ஓடினாலும் போகிற பணம். புதுசு வாங்கினால் இந்தப் பகுதி இன்னும் பெருகும். இன்சூரன்ஸ் கம்பெனிகள் வண்டியின் மதிப்பைப் போடும் தேய்மான அட்டவணையில் ஆறு மாதத்துக்கு மேல் ஒரு வருஷத்துக்குள் 15 சதவீதம் கழிக்கிறார்கள். ஐந்தாவது வருஷத்தில் 50 சதவீதம். ஒன்பது லட்ச ரூபாய் வண்டி ஐந்து வருஷத்தில் நாலரை லட்சத்தை விடும் என்று வைத்துக்கொண்டால், இவர்கள் ஓட்டுகிற வருஷம் 4,000 கிலோமீட்டருக்கு, தேய்மானம் மட்டும் கிலோமீட்டருக்கு இருபத்திரண்டரை ரூபாய். ஜி.எஸ்.டி.யில் மிச்சமாகிறது என்று ஷோரூமில் காட்டிய தொகை இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. புதுசு வேண்டாம் என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது.

பழையதை வைத்துக்கொள்வது வேறு விஷயம். அது தேய வேண்டியதில் பெரும்பகுதி தேய்ந்துவிட்டது. இனி வருஷத்துக்கு முப்பதாயிரம் மதிப்பு குறையலாம். இன்சூரன்ஸ், சர்வீஸ், பெட்ரோல் எல்லாம் சேர்த்து வருஷம் 84,000 என்று போட்டேன். மாதம் ஏழாயிரம். கார் இல்லாமல் இருப்பதற்கு மாதம் ஏழாயிரத்துக்குள் வழி உண்டா என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி.

கார் எங்கே போனது

வருஷம் 4,000 கிலோமீட்டர் என்றால் நாளுக்குப் பத்து, பதினொன்று. திருநகரிலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு போய்த் திரும்பக்கூட அது பத்தாது. அப்படியானால் இந்த கார் தினமும் ஓடவில்லை. எப்போது ஓடியது?

இதற்கு இரண்டு ஆவணங்கள் கிடைத்தன. ஒன்று, ஃபாஸ்டேக் கணக்கு. அதில் வரிசையாகக் கப்பலூர், கப்பலூர், கப்பலூர். (கப்பலூர் டோல்கேட்டைப் பற்றித் திருமங்கலத்துக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்துவிடாதீர்கள், அன்றைய பொழுது போய்விடும்.) அது தங்கச்சியின் விருதுநகர் போக்குவரத்து. இன்னொன்று, அடுப்படியில் மாட்டியிருந்த மாதக் காலண்டர்கள். நகைக்கடை கொடுத்தவை. பழசையும் கிழித்துப் போடாமல் ஆணியிலேயே விட்டிருந்தாள். பால் கணக்குக்கும் கேஸ் வந்த தேதிக்கும் நடுவில், பொடி எழுத்தில்: 'கேதம் செக்கானூரணி', 'காதுகுத்து கருமாத்தூர்', 'அத்தை முட்டி டாக்டர்', 'கேதம் ஊரு', 'நிச்சயம்', 'கேதம்'. கேதம் என்றால் எங்கள் பக்கத்தில் சாவு.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் கார் எதற்கு என்பது தெரிந்துவிட்டது. வேலைக்குப் போக இல்லை, கடைக்குப் போக இல்லை. மாப்பிள்ளை பள்ளிக்குப் பைக்கில் போகிறார். தங்கச்சி ஸ்கூட்டியில் பசுமலை வரை போய் அங்கிருந்து பஸ், சில நாள் நேரே ஸ்கூட்டியிலேயே சிம்மக்கல். டவுனுக்குள் காரை எடுத்துப்போவதை இந்த வீடு என்றைக்கோ விட்டுவிட்டது.

அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. மதுரையின் உள்நகரம் கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று அடுக்கடுக்காகப் போட்டது. அதில் அகலமான மாசி வீதியே தேர் ஓடுவதற்கானது. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து அகழியை மூடியபிறகு வெளி வீதிகள் வந்தன. அதற்கப்புறம் உள்ளே அகலப்படுத்த எதுவும் இல்லை. சித்திரை வீதிகளில் பாதுகாப்புக் காரணமாக வண்டிகளைத் தடை செய்து வருஷக்கணக்காகிறது. முடியாதவர்களுக்குப் பேட்டரி கார், மற்றவர்களுக்கு நடை. அந்த நாலு வீதியில் நடக்கிற சுகம் ஊரில் வேறெங்கும் இல்லை. ஆனால் அங்கிருந்து துரத்திய வண்டியெல்லாம் மாசி வீதியிலும் டவுன்ஹால் ரோட்டிலும்தானே நிற்க வேண்டியிருக்கிறது? பார்க்கிங்குக்கு மாடி கட்டினார்கள், சரி. அதற்குள் நுழைய வரிசையில் நிற்கும் நேரத்தில் விளக்குத்தூண் வரை நடந்து துணி எடுத்துவிட்டு வந்துவிடலாம்.

ஜப்பானில் 1962இலேயே ஒரு சட்டம் போட்டார்கள்: நிறுத்த இடம் இருக்கிறது என்று சான்று காட்டாமல் கார் வாங்க முடியாது. திருநகரில் அப்படி ஒரு சட்டம் வந்தால் பாதித் தெரு காலியாகிவிடும். மூடாக்குப் போட்டு நிற்கிற கார்களை எண்ணிக்கொண்டே போனால் எந்தக் கார் கடைசியாக எப்போது நகர்ந்தது என்பதைச் சக்கரத்தடியில் இருக்கும் குப்பையே சொல்லும்.

ஆக, மதுரையில் கார் போட்டி போடுவது பஸ்ஸோடு இல்லை. தினசரி வேலை முழுக்க டூவீலர் கையில். கார் நிற்பது கேதம், விசேஷம், குலதெய்வம், ஆஸ்பத்திரி என்ற நாலுக்காக. காருக்கு மாற்று என்ன என்று யோசிக்கிறவர்கள் இந்த நாலுக்கும் என்ன மாற்று என்று கேட்க வேண்டும். மற்றதெல்லாம் ஸ்கூட்டிக்கு மாற்று.

சாவி பீரோவுக்குள்

தீபாவளி முடிந்ததும் கார் சாவியை அப்பத்தாவின் பீரோவுக்குள் வைத்தோம். பொங்கல் வரை எடுப்பதில்லை. போகிற வருகிற செலவையெல்லாம் தங்கச்சி காலண்டரிலேயே குறிக்க வேண்டும்.

விருதுநகர் சுலபமாகத் தீர்ந்தது. ரயில் இருக்கிறது, பஸ் நிமிஷத்துக்கு ஒன்று. காரில் போனால் தங்கச்சி பின்சீட்டில் மாமியாரோடு உட்கார்ந்து போவாள். பஸ்ஸில் தனியாகப் போனாள். இதை அவள் குறையாகச் சொல்லவில்லை.

டவுன் பஸ்ஸும் பழகிவிட்டது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஸ்கூட்டிக்குப் போட்ட பெட்ரோலே மிச்சம். அப்பத்தாவுக்கும் இலவசம்தான், ஏற முடிந்தால். பஸ்ஸின் முதல் படி அவர் முட்டிக்கு மேலே இருக்கிறது. கண்டக்டர் விசில் கொடுப்பதற்குள் ஒரு காலை வைத்து, கம்பியைப் பிடித்து, இன்னொரு காலை இழுப்பதற்குள் பின்னால் இருப்பவர் "ஏத்துங்க, ஏத்துங்க" என்று அவரைத் தூக்கப் பார்க்கிறார். ஒரு தடவை ஏறினார், அதோடு சரி. கட்டணத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம் படியின் உயரத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. வயசானவர்கள் இருக்கிற வீட்டில் காரை விற்கவிடாமல் தடுப்பது அந்த ஒரு படிதான்.

முட்டி டாக்டருக்கு ஆட்டோ, அல்லது செயலியில் பிடிக்கிற டாக்சி. நகருக்குள் இது பிரச்சினை இல்லாமல் நடந்தது. ராத்திரி அவசரம் வந்தால் என்ன செய்வது என்று மாப்பிள்ளை கேட்டார். ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மாவுக்கு மூச்சுத் திணறும்போது பதறிப்போன மகன் கார் ஓட்டிக்கொண்டு கோரிப்பாளையத்தில் பெரியாஸ்பத்திரி தேடுவதைவிட 108 மேல். 2008இலிருந்து ஓடுகிறது, உள்ளே ஆக்சிஜனும் ஆளும் இருக்கிறார்கள். இதை அவர் ஒத்துக்கொண்டார்.

கேதம்தான் இடித்தது.

கேதத்துக்கு முகூர்த்தம் கிடையாது. காலையில் ஆறு மணிக்கு போன் வரும். மத்தியானம் எடுக்கிறார்கள் என்பார்கள். அதற்குள் ஐந்தாறு பேர் கிளம்பி, வழியில் மாலை வாங்கி, ஊருக்குள் போய்ச் சேர வேண்டும். உசிலம்பட்டிக்குப் பஸ் இருக்கிறது, அங்கிருந்து உள்ளே போகத்தான் வண்டி இல்லை. 2025இல் வந்த புது மினி பஸ் திட்டத்தில் 25 கிலோமீட்டர் வரை வழித்தடம் கொடுக்கிறார்கள். பஸ் போகாத ஊர்களுக்கு அது நல்லது, இவர்கள் ஊருக்கு இன்னும் வரவில்லை. மதுரை போடி அகல ரயில்பாதை 2022இல் தேனி வரையும் 2023இல் போடி வரையும் திறந்தது, உசிலம்பட்டியில் நிற்கும். காலையில் போய் சாயங்காலம் திரும்புகிற வண்டி நிச்சயதார்த்தத்துக்குச் சரி. சாவு அந்த நேரத்துக்கு வருமா?

அப்போது ட்ராவல்ஸ் வண்டி. எட்டு மணி நேரம், 80 கிலோமீட்டர் என்று பாக்கேஜ் பேசுவார்கள், அதற்கு மேல் டிரைவர் பேட்டா. உசிலம்பட்டி போய்வர ஏறக்குறைய அந்தப் பாக்கேஜே ஆகிவிடும், கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால் சொந்தக் காரின் 34க்கு ரொம்பக் குறைவில்லை. ஆனால் நிற்கிற நாளுக்குக் காசு இல்லை, அங்கேதான் லாபம். பணம் தடையாக இல்லை. வண்டி கிடைப்பதுதான் தடை. முகூர்த்த நாளில் டி போர்டு வாடகை வண்டி எல்லாம் கல்யாணத்துக்குப் போயிருக்கும். மார்கழியில் முகூர்த்தம் இல்லை, கிடைக்கும் என்று நினைத்தால் ஐயப்பன் சீசன், வண்டி எல்லாம் எரிமேலியில் நிற்கும். செயலி டாக்சிக்காரர் செக்கானூரணி தாண்டினால் திரும்பி வர ஆள் கிடைக்காது என்று ரிட்டர்ன் காசு கேட்கிறார். அவர் கேட்பதும் நியாயம்தான்.

இந்த இடத்தில் தெருவில் ஒருவர் தன் காரைத் தருகிறேன் என்றார். 'ஓன் போர்டு' வண்டி, ட்ராவல்ஸ் வாடகையில் முக்கால்வாசி. வேண்டாம் என்றேன். வெள்ளை நம்பர் பிளேட் வண்டியை வாடகைக்கு விட பெர்மிட் கிடையாது. வழியில் ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்கிற கேள்வி வண்டி வாடகைக்கு ஓடியதா என்பதுதான். கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்துப் போட்ட, நாமே ஓட்டிக்கொள்ளும் வாடகைக் கார் சட்டப்படியானது. ஆனால் அதை எடுக்கப் போய், ஆவணம் கொடுத்து, கீறல்களைப் படம் பிடித்துக்கொண்டு வருவதற்குள் ஊரில் நீர்மாலை எடுத்துவிடுவார்கள்.

மெட்ரோ, மின்சாரம், டிரைவர்

நவம்பரில் மெட்ரோ செய்தி வந்தது. திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை 32 கிலோமீட்டர், மதிப்பீடு 11,000 கோடிக்கு மேல். மத்திய அரசு திட்ட அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிட்டது. 2017 மெட்ரோ கொள்கைப்படி இருபது லட்சம் மக்கள்தொகை வேண்டும், 2011 கணக்கெடுப்பில் மதுரைக்கு அது இல்லை என்பது காரணம். தனிப்பாதையில் ஓடும் பஸ் போதும் என்ற தொனியும் அதில் இருந்தது. 2011 கணக்கை வைத்து 2025இல் ஊரை அளப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த வீடே அந்த வழித்தடத்தின் மேல்தான் இருக்கிறது. "மெட்ரோ வந்திருந்தா காரே வேண்டாம்ல மாமா?" என்றான் பையன்.

காலண்டரை அவனிடம் காட்டினேன். இதில் எந்தப் பயணத்துக்கு மெட்ரோவில் போவாய்? முட்டி டாக்டருக்கு வேண்டுமானால் போகலாம், லிஃப்ட் இருக்கும். மற்றபடி மெட்ரோவோ தனிப்பாதை பஸ்ஸோ வந்தால் அவன் அம்மா ஸ்கூட்டியை விடுவாள், அவன் கல்லூரிக்கு பைக் கேட்கமாட்டான். அது பெரிய விஷயம், அதற்காகவே வர வேண்டும். வாசலில் நிற்கிற காரை அது தொடாது.

எலெக்ட்ரிக் கார் வாங்கலாமே என்று மாப்பிள்ளையின் தம்பி சொன்னார். அது மிச்சம் பிடிப்பது 34இல் அந்த ஆறரையில்தான். வருஷம் 4,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குக் கூடுதல் விலை திரும்பி வரவே வராது. அதையே தினமும் ஓடுகிற ட்ராவல்ஸ்காரர் வாங்கினால் கணக்கு தலைகீழ். அதனால் மின்சார வண்டி வர வேண்டிய முதல் இடம் டாக்சி ஸ்டாண்டு என்று நினைக்கிறேன், திருநகர் வீட்டு வாசல் இல்லை.

அப்புறம், டிரைவர் இல்லாத கார். அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகரத்தில் 2020இலிருந்தே பொதுமக்கள் அதில் டாக்சி மாதிரி ஏறிப் போகிறார்கள். அதற்கு நேர் எதிராக, நம்மிடம் கார் இல்லாத டிரைவர்கள் இருக்கிறார்கள். ஆக்டிங் டிரைவர் என்று சொன்னால் சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை எல்லோருக்கும் புரியும். நாள் சம்பளம், சாப்பாடு, பஸ் காசு. கார் வைத்திருக்கிறவர்களில் தூரம் ஓட்டப் பயப்படுகிறவர்கள் எத்தனையோ பேருக்கு இவர்தான் எதிர்காலத் தொழில்நுட்பம்.

பொங்கலுக்குப் பிறகு

தை மாதம் கார் விற்றது, மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக. மாதம் ஏழாயிரம் போஸ்ட் ஆபீஸில் தங்கச்சி பேரில் ஆர்.டி. போடச் சொன்னேன். வாடகை வண்டிச் செலவெல்லாம் தனியாகக் காலண்டரில் ஏறுகிறது. இதுவரை எந்த மாதமும் ஏழாயிரத்தைத் தொடவில்லை. வாசலில் கார் நின்ற இடத்தில் பையன் டேபிள் டென்னிஸ் மேஜை கேட்கிறான், கிடைக்காது.

மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயிலுக்கு மூன்று பங்காளி வீடும் சேர்ந்து ஒரே வேன் பிடித்தார்கள். முன்பெல்லாம் மூன்று வீட்டுக்கு மூன்று கார் போகும். வேனில் இடம் தாராளம், பொங்கப்பானை, விறகு, ஆடு எல்லாம் ஏறின. கார் இருந்த காலத்தைவிட இது நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள், ஆட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவரைத் தவிர.

பங்குனியில் ஒரு முகூர்த்த நாளில் அப்பத்தாவின் நாத்தனார் இறந்துபோனார். மாப்பிள்ளை ஏழு இடத்துக்குப் போன் போட்டார், வண்டி இல்லை. தம்பியின் கார் சர்வீஸில் நின்றது. மாப்பிள்ளையும் தங்கச்சியும் பஸ்ஸில் போய், உசிலம்பட்டியில் இறங்கி, யாரோ ஒருவர் பைக்கிலும் சரக்கு ஆட்டோவிலுமாக ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அப்பத்தா வீட்டிலேயே இருந்தார். மறுவாரம் நான் போனபோது என்னைப் பார்த்ததும் சொன்னார்: "கார் இருந்தப்ப ஒரு கேதம் நான் விட்டதில்லப்பா. நீதானே கணக்குப் போட்டுக் குடுத்தே."

அவர் சொன்னது என் கணக்கில் எந்த வரியிலும் இல்லாத செலவு. அவர் வயதில் கேதத்துக்குப் போவது சடங்கு மட்டுமில்லை, தன் காலத்து ஆட்களைக் கடைசியாகப் பார்ப்பது. போகாதவர் வீட்டுக்கு நாளைக்கு யார் வருவார்கள் என்ற கணக்கும் அதில் இருக்கிறது.

மறுபடி கார் வாங்கச் சொல்லவில்லை. ஹார்விபட்டியில் ஒரு டி போர்டு வண்டிக்காரர் இருக்கிறார், ஒரே வண்டி, அவரே டிரைவர். அவரிடம் பேசினோம். மாதம் ஒரு தொகை சும்மா கொடுத்துவிடுவது. பதிலுக்கு, போன் வந்தால் அவர் வர வேண்டும். வேறு ஓட்டத்தில் இருந்தால் தெரிந்த இன்னொரு வண்டியை அனுப்புவது அவர் பொறுப்பு. ஓடுகிற வாடகை தனி. ஊருக்குள் எந்தப் பாதையில் கார் போகும், எங்கே திருப்பலாம், அப்பத்தாவை எந்தப் பக்கம் இறக்க வேண்டும் என்பதெல்லாம் இரண்டு தடவை வந்தால் அவருக்கே தெரிந்துவிடும். செயலியில் ஒவ்வொரு தடவையும் புது ஆள்.

அவர் மாதம் ஆயிரம் கேட்கிறார். மாப்பிள்ளை ஐந்நூறில் நிற்கிறார். ஆயிரமே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். வருஷத்துக்கு 12,000. பழைய காருக்கு இன்சூரன்ஸ் கட்டியது அவ்வளவுதான்.